கனடா ரிசர்வில் மெக்கானிக் வேலை: சேருவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 இறுதியில் கனடியப் படைகளின் கதவு நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் திறந்தது. அதற்கு முன்பு, சில விதிவிலக்குகளைத் தவிர, குடியுரிமை கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். இப்போது ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம் பக்கத் தமிழர்கள் "பகுதி நேரமாக ஆமியில் மெக்கானிக்காகச் சேரலாமாமே?" என்று கேட்கிறார்கள். சேரலாம். ஆனால் பலரும் தொடங்குகிற இடத்திலேயே பிழை விடுகிறார்கள்.

இணையத்தில் தொழிலின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பத்தைத் தட்டிவிடுவதுதான் அந்தப் பிழை. முழுநேரப் படையில் உங்களை எங்கே அனுப்புவது என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். பகுதி நேரப் படையான ரிசர்வில் நீங்கள் சேர்வது உங்கள் ஊரில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட படைப்பிரிவில். வாரத்தில் ஒரு மாலை, மாதத்தில் ஒன்றிரண்டு வார இறுதி என்று அங்கேதான் போய்வர வேண்டும். அந்தப் பிரிவில் வாகனம் திருத்துபவருக்கு இடம் காலியாக இருந்தால் உங்களுக்கு வேலை, இல்லாவிட்டால் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று காலாட்படைப் பிரிவில் போய் நின்றால், துவக்கைத் தருவார்களே தவிர ஸ்பானரைத் தரமாட்டார்கள். திருத்தும் தொழில்கள் பெரும்பாலும் மற்றப் பிரிவுகளுக்கு வாகனம், பொருள் என்று உதவும் சேவைப் பட்டாலியன்களில் (சர்வீஸ் பட்டாலியன்) இருக்கின்றன. ரொறன்ரோவில் அது டவுன்ஸ்வியூவிலுள்ள டெனிசன் ஆமரி என்ற படைக் கட்டடத்தில் இயங்கும் 32ஆவது சேவைப் பட்டாலியன்.

ஆகவே முதலில் பிரிவின் ஆட்சேர்ப்பாளரை அழைத்து, பயிற்சி மாலை ஒன்றில் நேரே போய்ப் பாருங்கள். இந்த வருடம் எத்தனை இடம், அடுத்த தொழிற்பயிற்சி எப்போது, கராஜில் என்னென்ன வாகனங்கள் நிற்கின்றன என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைச் சும்மா விடாதீர்கள். யூடியூபில் பார்த்த லெப்பர்ட் டாங்கியை ரிசர்வ் கராஜில் தேட வேண்டாம். அங்கே நிற்பது ஜீப் மாதிரியான ஜி-வேகன், லொறிகள், பிறகு 1990களிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் எல்.எஸ்.வி.டபிள்யூ என்ற சின்ன லொறி. அதன் பிரேக் போடும் கிறீச்சிடல் படையில் எல்லோருக்கும் தெரிந்த பகிடி. ஒரு மாலையில் கிடைப்பதும் மூன்று மணி நேரம்தான். வரவுப் பதிவு, ஒரு வகுப்பு, வாகனச் சோதனைத் தாள் எல்லாம் முடித்துக் கருவிப் பெட்டியைத் திறந்தால், அதைத் திருப்பி ஒப்படைக்கும் நேரம் வந்துவிடும். கையில் கிரீஸ் படுகிற வேலை வார இறுதிகளிலும் கோடை முகாமிலும்தான்.

அடுத்தது பொறியியல் குழப்பம். பி.ஈ. மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் 'கொம்பாட் எஞ்சினியர்' என்ற பெயரைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. அது மேசையில் இருந்து வரைபடம் போடும் வேலையில்லை. தடைகளைத் தகர்ப்பது, கண்ணிவெடி தேடுவது, பாலம் போடுவது, தண்ணீர் சுத்திகரிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாலம் என்றால் கனத்த உலோகத் துண்டுகளைப் பலர் சேர்ந்து கையால் தூக்கிப் பொருத்துவது. ரொறன்ரோவில் இதற்கும் 32 என்ற எண்ணோடு தனி ரெஜிமென்ட் இருக்கிறது. பட்டத்துக்கு ஏற்ற இடம் வேண்டுமென்றால் அதிகாரி நிலையில் மின், இயந்திரப் பொறியியல் பிரிவு உண்டு. வெளிநாட்டுப் பட்டம் என்றால் அது கனடியத் தரத்துக்கு ஈடானது என்ற மதிப்பீட்டையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

'பகுதி நேரம்' என்பதை நம்பி ஏமாறுவது இன்னொன்று. சேர்ந்த பிறகு பகுதி நேரம்தான், சரி. ஆனால் அடிப்படைப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் வாரக்கணக்கில், பெரும்பாலும் கோடையில் முழுநேரமாக நடக்கும். வாகனத் தொழிலுக்கு பாரி நகருக்கு அருகே போர்டன், கொம்பாட் எஞ்சினியருக்கு நியூ பிரன்சுவிக்கில் கேஜ்டவுன். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டுவிட்டால், அந்த வருடப் பயிற்சி போனமாதிரித்தான். என்னைக் கேட்டால், கல்லூரி மாணவருக்கு இது அளவெடுத்துத் தைத்த வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகளும் வீட்டுக் கடனும் உள்ளவர் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வெளியே வேலை எடுப்பதற்காகச் சேர்பவர்கள் கவனிக்க: ராணுவத்தில் வாகனம் திருத்தப் படித்தால் ஒன்ராறியோவில் கராஜில் வேலை செய்ய உரிமம் தானாக வந்துவிடாது. கார் திருத்தும் 310எஸ், லொறி, பேருந்து திருத்தும் 310டீ இரண்டும் இங்கே கட்டாயச் சான்றிதழ் தொழில்கள். படையில் செய்த வேலையை அதற்குக் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பித்து மதிப்பீடு செய்விக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே பயிற்சித் தாள்களையும் செய்த வேலைகளின் பதிவையும் சேர்த்து வையுங்கள்.

பின்னணிச் சோதனையில் எதையும் மறைக்காதீர்கள். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்கும் அங்கே நெருங்கிய உறவு உள்ளவர்களுக்கும் அது இழுபடும். எங்கள் ஆட்களில் அநேகமாக எல்லோரும் அந்தக் கணக்கில் வருவோம். பழைய முகவரி ஒன்றை விட்டுவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வதைவிட, தாமதத்தைப் பொறுத்துக்கொள்வது நல்லது. காத்திருக்கும் மாதங்களில் உடம்பைத் தயார் செய்யலாம். உடற்தகுதித் தேர்வில் 20 கிலோ மணல் மூட்டையை மூன்றரை நிமிடத்துக்குள் 30 தடவை தூக்க வேண்டும், அது நாலு அங்கங்களில் ஒன்று மட்டும். மெக்கானிக்குக்கும் அதே தேர்வுதான். கராஜில் டயர் தூக்குகிறவன்தானே என்று போய் மூச்சு வாங்க வேண்டாம்.

கடைசியாகக் காசு. ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த பணிக்கு அரை நாள் சம்பளம். அதனால் ஒரு வார மாலை என்பது அரை நாள்தான். அதற்கும் வரி உண்டு. புதிதாகச் சேர்கிறபோது வரிப் பிடித்தத்துக்காகத் தரும் டீடீ1 (TD1) படிவத்தில், உங்கள் முழுநேர வேலையில் ஏற்கெனவே கோரிய அடிப்படை விலக்கை மறுபடியும் கோரிவிட்டால், வருடம் முழுக்க வரி குறைவாகப் பிடிப்பார்கள். ஏப்ரலில் கணக்கு முடிக்கும்போது மிச்சத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். வேலை தருபவரிடமும் சேரும்போதே சொல்லிவிடுங்கள். பயிற்சிக்குப் போகும் ரிசர்வ் படையினரின் வேலையைக் காக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது சம்பளமில்லாத விடுப்பு, எழுத்தில் முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். பயிற்சித் தேதி உறுதியான அன்றே அந்தக் கடிதத்தைக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.