வெளிநாட்டில் குழந்தைப்பேறு சிகிச்சை: ரங்கூனிலிருந்து கிளம்பும் முன் கணக்குப் போடுவது எப்படி?

"சென்னையில் ஒன்றரை லட்சம் ரூபாய் சொல்கிறார்கள், பாங்காக்கில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கிறார்கள், எங்கே போகலாம்?" முட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கி, கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப் சிகிச்சையைப் பற்றி, ரங்கூனில் குழந்தைக்காக அலைகிற நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். இந்த இரண்டு தொகையை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. மண்டப வாடகையை வைத்துக் கல்யாணச் செலவைச் சொல்கிற கதையாகிவிடும். அந்த ஒன்றரை லட்சம் என்பது ஒரே ஒரு முயற்சியின் செலவில் ஒரு பகுதி, அந்த முயற்சியும் பலிக்கலாம், பலிக்காமல் போகலாம். வீட்டுப் படி இறங்கியதிலிருந்து குழந்தை கைக்கு வரும் வரை, உங்கள் வயதுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். அந்தத் தொகையை எந்த மருத்துவமனையும் எழுதித் தராது, நீங்களேதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் இங்கேயே செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். கணவருக்கு விந்துப் பரிசோதனை, மனைவிக்கு ஏ.எம்.எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே. கணவருக்குப் பரிசோதனை செய்யாமலேயே மனைவியை மட்டும் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, அது பணத்தைக் கொட்டுகிற வேலை. இதோடு பர்மாவில் இருப்பவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது தலசீமியா பரிசோதனை. தலசீமியாவும் ஹீமோகுளோபின் இ என்ற குறையும் பரம்பரையாக வரும் ரத்தக் குறைகள், இந்த நாட்டில் பரவலாக உண்டு, நம் குடும்பங்களில் பர்மிய, கரென், மோன் ரத்தம் கலந்திருப்பதும் சகஜம். இருவருமே இந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால் கருவை மரபணுச் சோதனை செய்து வைப்பதில் அர்த்தம் இருக்கிறது, அதற்கு வசதியுள்ள இடத்தைத் தேட வேண்டும், பட்ஜெட்டே மாறிவிடும். சென்னையில் போய் உட்கார்ந்த பிறகு இது தெரியவந்தால் ஒரு பயணம் வீண். ரங்கூனிலேயே தனியாரிடம் ஐ.வி.எஃப் செய்துகொள்ளவும் வழி இருக்கிறது, அங்கேயும் ஒரு விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட உதவும்.

அடுத்து வெற்றி விகிதம். இதில்தான் ஏமாறுவது அதிகம். "எழுபது சதவீதம் வெற்றி" என்று போட்டிருந்தால் எதில் எழுபது என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததா, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்ததா, குழந்தை பிறந்ததா? மூன்றும் மூன்று கணக்கு. அப்புறம் யாரைக் கொண்டு வகுத்தார்கள்? முட்டை வளர ஊசி போடத் தொடங்கிய எல்லோரையுமா, கரு வைக்கும் கட்டம் வரை வந்தவர்களை மட்டுமா? முட்டை சரியாக வராமல், கரு வளராமல் பாதியில் நின்றவர்களை விட்டுவிட்டால் எந்த விகிதமும் அழகாகத்தான் இருக்கும். தானமாகப் பெற்ற முட்டையில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து எண்ணினார்களா என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் அதில் கணக்கில் வருவது முட்டை கொடுத்த இளம்பெண்ணின் வயது.

வயது எவ்வளவு புரட்டிப் போடும் என்பதற்கு ஓர் உதாரணம். பிரிட்டனில் இந்தத் துறையைக் கண்காணிக்கும் எச்.எஃப்.இ.ஏ என்ற அரசு அமைப்பின் 2019 கணக்குப்படி, வைத்த ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறந்த விகிதம் 35 வயதுக்குக் கீழே 32 சதவீதம், 40 முதல் 42 வயதுக்குள் 11 சதவீதம். நன்றாகக் கண்காணிக்கப்படும் ஒரு நாட்டிலேயே இவ்வளவுதான். ஆகவே 41 வயதுப் பெண்ணிடம் ஒருவர் அறுபது சதவீதம் என்று பேசினால், தானமுட்டையை மனதில் வைத்துப் பேசுகிறார், இல்லாவிட்டால் பொய் சொல்கிறார்.

இப்போது கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான். ஓர் இடத்தில் ஒரு முயற்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், உங்கள் வயதுக்காரர்களில் தொடங்கிய 100 பேரில் 20 பேருக்குக் குழந்தை. இன்னொரு இடத்தில் இரண்டரை லட்சம், 100 பேரில் 40 பேருக்குக் குழந்தை. விமானம், தங்குவது, சாப்பாடு, விட்டுப்போன சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு பயணத்துக்கு ஒரு லட்சம் என்று வையுங்கள். முதல் இடத்தில் இரண்டரை லட்சத்தை 0.20 ஆல் வகுத்தால் ஒரு குழந்தைக்கு சராசரியாகப் பன்னிரண்டரை லட்சம். இரண்டாவதில் மூன்றரை லட்சத்தை 0.40 ஆல் வகுத்தால் எட்டே முக்கால் லட்சம். மலிவு என்று நினைத்த இடம்தான் விலை கூடியது. பயணச் செலவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு முதல் முயற்சியிலேயே பலிப்பது முக்கியமாகிறது, உள்ளூரில் இருப்பவருக்கு இந்த நெருக்கடி இல்லை. அதனால் சென்னையில் இருக்கும் உறவினர் "எங்களுக்கு அங்கேதான் மலிவாக முடிந்தது" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

விலைப்பட்டியலை ஒரு மொத்தத் தொகையாக வாங்காதீர்கள். வரி வரியாக எழுதி வாங்குங்கள். ஊசி மருந்து சேர்த்தா, தனியா? பெரும்பாலும் தனி, அதுவும் சின்னத் தொகை கிடையாது, வயது கூடினால் மருந்தளவும் கூடும். மயக்க மருந்து, முட்டை எடுக்கும் அறை வாடகை, இக்ஸி (ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது), ஐந்தாம் நாள் வரை கரு வளர்ப்பது, உறைய வைப்பது, வருடாந்திர சேமிப்புக் கட்டணம், பின்னால் உறைந்த கருவை எடுத்து வைப்பதற்கான கட்டணம். கடைசி இரண்டையும் விளம்பரத் தொகையில் பார்ப்பது அபூர்வம்.

பட்டியலின் அடியில் "கூடுதல் வசதி" என்று சில இருக்கும், அவற்றில்தான் பணம் கரையும். ஆராய்ச்சியில் என்ன தெரிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். கருப்பை உட்சுவரைக் கீறிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று ஒரு சிகிச்சையை வெகுநாள் விற்றார்கள். 2019-ல் 1,364 பெண்களை வைத்து வெளியான ஆய்வில் கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் ஒரே மாதிரி, 26.1 சதவீதம். விந்து நன்றாக இருக்கும்போதும் இக்ஸி செய்தால்தான் பலன் என்பார்கள். வியட்நாமின் ஹோ சி மின் நகரில் விந்தணு எண்ணிக்கையும் அசைவும் சரியாக இருந்த 1,064 தம்பதிகளிடம் செய்து 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, சாதாரண ஐ.வி.எஃப்பைவிட இக்ஸியால் குழந்தை பிறப்பது கூடவில்லை என்று காட்டியது. விந்தில் குறை இருந்தால் விஷயம் வேறு, அப்போது இக்ஸி வேண்டும். "இது எனக்கு எதற்காக, செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். கேட்டதற்கு எரிந்து விழுகிற டாக்டரிடம் மூன்று வாரம் தங்கிச் சிகிச்சை எடுப்பது கஷ்டம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் நமக்கு மட்டும் இருக்கிற தலைவலி பர்மாவின் நாணயமான சாட். 2022-ல் மத்திய வங்கி வைத்த டாலருக்கு 2,100 சாட் என்ற விலையை வைத்துக் கணக்குப் போட்டால் கதை கந்தல், 2024-ல் வெளிச்சந்தையில் அது 4,000-ஐத் தாண்டிவிட்டது. தாய்லாந்தின் பாட் கணக்கிலோ இந்திய ரூபாயிலோ மொத்தத்தை எழுதிக்கொண்டு, நீங்கள் உண்மையில் வாங்கப்போகும் விலையில் மாற்றிப் பாருங்கள், அதற்கு மேலும் கொஞ்சம் கையிருப்பு வையுங்கள், ஏனென்றால் முதல் பயணத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் சாட் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்கிற இடத்தைவிட, கட்டம் கட்டமாக வாங்குகிற இடமே நமக்கு நல்லது. பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நாள் கணக்கு: ஊசி பத்துப் பன்னிரண்டு நாள், கடைசி ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பது, அதிலிருந்து ஐந்தாம் நாள் கரு வைப்பது. ஆக மூன்று வாரம். விசாவில் கிடைக்கும் நாள் இதற்குப் போதுமா என்று முன்பே பாருங்கள். சில இடங்களில் முதல் சில ஊசிகளை ரங்கூனிலேயே போட்டு, இங்கேயே ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லி, பிறகு கிளம்பி வரச் சொல்வார்கள், ஒரு வாரத் தங்கல் மிச்சம். ஆனால் அந்த மருந்துகளில் பல 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. நம் ஊர் கரன்ட்டை நம்பி ஃபிரிட்ஜில் வைத்தால் மதியத்துக்குள் பேனா ஊசி வியர்த்துக் கிடக்கும். ஐஸ் பெட்டி, ஒரு சின்ன வெப்பமானி, இன்வெர்ட்டர் உள்ள ஒரு தெரிந்தவர் வீடு என்று ஏற்பாடு இருந்தால் மட்டும் இதற்கு ஒத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் வைக்கக்கூடிய மாற்று மருந்து உண்டா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

சட்டம் தெரியாமல் போய்த் திரும்பி வருகிறவர்களும் உண்டு. தாய்லாந்தில் 2015-ல் வந்த சட்டப்படி சட்டபூர்வமான கணவன் மனைவிக்குத்தான் இந்தச் சிகிச்சை. அனவ்ரதா வீதி காளி கோயிலில் தாலி கட்டிய போட்டோ போதாது, திருமணச் சான்றிதழ் வேண்டும், மொழிபெயர்த்து முத்திரை வாங்கியதாக வேண்டும். கோயில் கல்யாணத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் இந்த வேலையை முதலில் முடியுங்கள், நாள் பிடிக்கும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரைதான், மருத்துவமனை அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முட்டை தானம் செய்கிற பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்கலாம், எடுப்பதும் ஏழு முட்டைக்கு மேல் கூடாது, ஆகவே தானமுட்டையில் "நிறைய கரு கிடைக்கும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பது இரண்டு நாட்டிலும் குற்றம். ஆண் குழந்தைக்கு உத்தரவாதம் என்று ஏஜென்ட் காதில் ஓதினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. விசாவுக்கும் மொழிக்கும் அவர்கள் உதவுகிறார்கள், மறுக்கவில்லை. பேகுவிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் வருகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அவர்களுக்குக் கமிஷன் யார் தருகிறார்கள் என்று நேராகக் கேளுங்கள், அதே விலையை மருத்துவமனையிடமும் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். "மூன்று முயற்சி பேக்கேஜ், பலிக்காவிட்டால் பணம் வாபஸ்" என்பதில் வெற்றி என்று எதைச் சொல்கிறார்கள் என்ற வரியைத் தேடுங்கள். ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தாலே வெற்றி என்று இருந்தால், பிறகு கலைந்துபோனாலும் ஒரு காசு திரும்பாது.

அவர்கள் இரண்டு மூன்று கரு வைக்கலாம் என்றால் ஆசைப்படத் தோன்றும், ஒரே செலவில் இரட்டை என்று. இரட்டைக்குக் குறைமாதப் பிரசவம் அதிகம், அந்தப் பிள்ளைகளை ரங்கூன் தனியார் மருத்துவமனையில் இன்குபேட்டரில் வைக்க ஆகும் பில் ஐ.வி.எஃப் செலவையே சின்னதாக்கிவிடும். நல்ல கரு இருந்தால் ஒன்றை வைத்து மற்றதை உறைய வையுங்கள்.

உறைய வைத்தால் மறுபடி போக வேண்டும், அதற்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு இளவயது ஆண்கள் விமான நிலையம் தாண்டுவதே பெரும்பாடு. கணவர் அடுத்த முறை வர முடியாமல் போகலாம் என்று வைத்து, முதல் பயணத்திலேயே அவருடைய விந்தை உறைய வைக்கவும், வேண்டிய ஒப்புதல் படிவங்களில் கையெழுத்து போடவும், அவர் இல்லாமல் மனைவிக்கு மட்டும் கரு வைப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கவும் பாருங்கள். கருவை அங்கிருந்து வேறு நாட்டுக்கு எடுத்துப் போகலாம் என்ற யோசனை வேண்டாம், இந்தியாவில் அதற்குத் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும்.

கிளம்பும் நாளில் முழு ஃபைலையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்: எந்த மருந்து எந்த அளவில், எத்தனை முட்டை, அதில் எத்தனை முதிர்ந்தவை, எத்தனை கருவானது, எந்தத் தரத்தில் எது வைக்கப்பட்டது. பலிக்காவிட்டால் அடுத்த டாக்டருக்கு இதுதான் தேவை, இதைத் தர மறுக்கிற இடத்துக்கு இரண்டாம் முறை போக வேண்டாம். கர்ப்பத்தைத் தாங்க உதவும் புரொஜெஸ்டெரோன் ஹார்மோன் மருந்து, கர்ப்பம் தரித்தால் வாரக்கணக்கில் தேவைப்படும், ரங்கூன் கடைகளில் அதே மருந்து கிடைக்குமா என்று முன்பே விசாரித்து, இல்லையென்றால் அங்கேயே வாங்கிவிடுங்கள். நிறைய முட்டை வந்தவர்கள், குறிப்பாகச் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்கள், முட்டை எடுத்த மறுநாளே விமானம் ஏற வேண்டாம். வயிறு உப்பி, எடை சட்டென்று கூடி, மூச்சு வாங்கினால் அது உடனே பார்க்க வேண்டிய விஷயம், அந்த நேரத்தில் எடுக்கிற ஒரு போன் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.