ஜப்பானில் வாத்தியார் ஆகணுமா? பணம் கட்டும் முன் படியுங்க

ஸ்ரீசிட்டிக்கு ஜப்பான் கம்பெனிகள் வந்ததிலிருந்து ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை எங்கே போனாலும் ‘என்3 முடிச்சாச்சா?’ என்றுதான் விசாரிப்பு. ஜப்பானிய மொழித் தேர்வின் ஐந்து நிலைகளில் நடுநிலை அது. ஜப்பானில் படித்து, அங்கேயே ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போக நினைக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இது.

இறங்கியதும் செய்ய வேண்டியது சுலபம். வீடு அமைந்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரி பதிவு, கையோடு மருத்துவக் காப்பீடு. மாணவர் விசாவில் பகுதிநேர வேலைக்குத் தனி அனுமதி, வாரம் 28 மணி நேரம். ‘அதெல்லாம் பார்க்க மாட்டாங்க’ என்கிற அண்ணன்கள் விசா புதுப்பிக்கும்போது கூட வரமாட்டார்கள்.

அந்தத் தேர்வின் உச்ச நிலையான என்1 வாங்கினால் வாத்தியார் ஆகிவிடலாம் என்று ஊரில் ஒரு பேச்சு. மொழி தெரியும் என்பதற்குத்தான் அது சான்று. 2024 ஏப்ரலில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, ஆசிரியருக்கென்றே தேசியத் தகுதி இருக்கிறது. அடிப்படைத் தேர்வு, பயன்பாட்டுத் தேர்வு, அப்புறம் வகுப்பறைப் பயிற்சி. தேர்வெழுத வயது, நாடு, பட்டம் எதுவும் கேட்பதில்லை. கல்வி அமைச்சகத்தில் பதிவான நிறுவனத்தில் பயிற்சி முடித்தவருக்கு அடிப்படைத் தேர்வு கிடையாது.

தடாக்காரச் சிநேகிதன் மாட்டியது இங்கேதான். 2025-இல் ஒரு பயிற்சி மையம் ‘420 மணி நேரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு ஐந்து லட்சம் யென்னுக்கு மேல் வாங்கியது. ராத்திரி ராத்திரியாக பென்டோ தொழிற்சாலையில் சோற்றுப் பெட்டி அடைத்துச் சேர்த்த காசு. முடித்த பிறகு பார்த்தால், அமைச்சகத்தின் எந்தப் பட்டியலிலும் அந்த மையம் இல்லை. போய்க் கேட்டதற்கு, ‘விலக்கு உண்டு என்று நாங்கள் சொல்லவில்லையே’ என்று பணிவாகக் குனிந்து வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார்கள். நம்ம ஊராக இருந்தால் நாலு பேரைக் கூட்டிப்போய் பாதியாவது வாங்கியிருப்போம்.

420 என்பது பழைய விதியில் ஆசிரியர் பயிற்சிக்கு இருந்த மணிக் கணக்கு. ‘இப்போதைக்குப் பழைய சான்றிதழே போதும்’ என்பார்கள். ஏற்கெனவே நடக்கிற பள்ளிகளுக்குக்கூட அந்தச் சலுகை 2029 மார்ச் வரைதான். மையத்தின் பெயரை அமைச்சகப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். அவர்கள் காட்டும் பிரிண்ட் அவுட்டை நம்பாதீர்கள்.

வினைச்சொல் கடைசியில் வரும் ஜப்பானிய வாக்கியம் நமக்குத் தாய்ப்பால். ஆங்கிலக்காரர்கள் தடுமாறும் இடத்தில் நாம் ஓடலாம். உச்சரிப்பில்தான் உதை. வணக்கம், நன்றி சொல்லும்போது கடைசியில் வரும் மரியாதைச் சொல்லை ‘கொஜாய்மஸ்’ என்று நாம் ‘ஜ’ போடுகிற இடத்தில் வண்டு ரீங்காரம் மாதிரி ஓர் ஒலி வரவேண்டும். பயன்பாட்டுத் தேர்வில் ஒலிப்பதிவைப் போட்டு, மாணவர் பேச்சில் பிழை எங்கே என்று கேட்பார்கள். தன் வாயில் இருக்கும் பிழை காதில் விழாது. நாலு தமிழர் ஒன்றாகத் தங்கினால் சுத்தமாக விழாது. அதனால் வகுப்பு முடிந்ததும் உள்ளூர் ஆட்களோடு பேசுங்கள்.

தேர்வு வருடத்துக்கு ஒருமுறை. விண்ணப்பம் சில மாதம் முன்பே மூடிவிடும்.