கனடா வர்ற நம்ம ஏரியா ஆளுங்களுக்கு: ரைஃபிள் ஸ்கோப் வாங்கறதுக்கு முன்னாடி

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கமிருந்து கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துக்கு வர்ற பசங்க, வேலை கிடைச்சு வீடு செட் ஆனதும் நம்மள கேக்கற கேள்வில இதுவும் ஒண்ணு: "அண்ணே, இங்க மான் வேட்டைக்கு லைசன்ஸே குடுக்கறாங்களாமே, எந்த ஸ்கோப் வாங்கலாம்?" ஸ்கோப்னா துப்பாக்கி மேல மாட்டி, தூரத்துல இருக்கறத பெருசா காட்டி குறி பாக்க வைக்கற குழாய்க் கண்ணாடி. ஊர்ல 1972 வனவிலங்கு சட்டம் இருக்கறதால வேட்டைங்கற பேச்சுக்கே இடமில்ல, துப்பாக்கி சுடறதுன்னா ஒலிம்பிக்ஸ்ல பாத்ததோட சரி. 2012 லண்டன்ல வெண்கலம் வாங்கின ககன் நரங் சென்னைல பொறந்தவரு, ஆனா அவரு சுட்ட 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டில ஸ்கோப் வைக்கவே கூடாது, சின்ன ஓட்டை வழியாதான் குறி பாக்கணும். அதனால டிவி பாத்து வளந்தவனுக்கும் ஸ்கோப் புதுசுதான். லீவுக்கு ஊருக்கு வந்தப்பவும் மூணு நாலு பேரு இதையே கேட்டாங்க, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு.

முதல்ல லைசன்ஸ். பிஏஎல்னு சொல்ற துப்பாக்கி லைசன்ஸ் வாங்க 18 வயசு ஆகியிருக்கணும், சேஃப்டி கோர்ஸ் படிச்சு எழுத்துலயும் கையிலயும் டெஸ்ட் பாஸ் பண்ணணும், முதல் தடவை அப்ளை பண்றவங்களுக்கு குறைஞ்சது 28 நாள் காத்திருப்பு கட்டாயம், வீட்டுக்காரம்மா கிட்டயும் கையெழுத்து கேப்பாங்க, அவங்க போடலைன்னா அவங்களுக்கே தகவல் போகும். அதனால வீட்ல பேசாம அப்ளை பண்ணாதீங்க. வேட்டைக்கு தனியா ஒரு கோர்ஸ், தனி கார்டு, அது மாகாணம் குடுக்கறது. இதுல இன்னொண்ணு, தெற்கு ஒன்டாரியோல நிறைய எடத்துல மானுக்கு ரைஃபிளே கூடாது, ஷாட்கன், வில்லு இந்த மாதிரிதான், அதனால நீங்க எந்த ஏரியாவுல வேட்டைக்கு போகப்போறீங்கன்னு தெரியாம ஸ்கோப் வாங்கறது காசுக்கு கேடு. ஸ்கோப் வாங்க லைசன்ஸ் தேவையில்லைங்கறதாலயே பசங்க அத முதல்ல வாங்கிடறாங்க, அது தலைகீழ்.

இப்ப நம்பருக்கு வருவோம். 3-9×40ன்னு போட்டிருந்தா 3 மடங்குலேர்ந்து 9 மடங்கு வரைக்கும் பெருசா காட்டும், முன்னாடி லென்ஸ் 40 மில்லிமீட்டர், அவ்ளோதான். கடைக்கு போனா எல்லாரும் பெரிய நம்பரைத்தான் எடுக்கறாங்க, 6-24×50 எடுத்துட்டு 24 மடங்கு தெரியுதுன்னு சந்தோஷமா வர்றாங்க. ரேஞ்சுல (சுடற மைதானத்துல) பேப்பர் டார்கெட்ட சுடறதுக்கு அது சரி. காட்டுக்கு எடுத்துட்டு போனா கஷ்டம். ஏன்னு காசிமேட்டுல லாஞ்சுல வேலை செய்யறவங்க வீட்டு பசங்களுக்கு சுலபமா புரிய வைக்கலாம். படகுல வச்சிருக்கற பைனாகுலர்ல 7×50ன்னு எழுதியிருந்தா அத எடுத்து, கண்ணுல வைக்காம, கை நீட்டி வானத்த பாத்து புடிங்க (சூரியன் பக்கம் திருப்பாதீங்க). கண்ணு வைக்கற லென்ஸ் நடுவுல வெளிச்சமா ஒரு வட்டம் தெரியும், விளிம்பு கத்தரிச்ச மாதிரி ஷார்ப்பா இருக்கும். அந்த வட்டம்தான் உங்க கண்ணுக்குள்ள போற வெளிச்சம். அதோட அகலம் தெரிய 50ஐ 7ஆல வகுத்தா 7 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல வரும், இருட்டுல வயசுப்பசங்க கண்மணி விரியறதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், அதனாலதான் விடியக்காத்தால கடல்ல அது நல்லா தெரியுது.

ஸ்கோப்புக்கும் அதே கணக்கு. 3-9×40ஐ 6ல வச்சா 6.7 மில்லிமீட்டர், 9ல வச்சா 4.4. அந்த 6-24×50ஐ 24ல வச்சா வெறும் 2.1. பகல்ல ரேஞ்சுல இது பிரச்சனையே இல்ல, ஆனா ஒன்டாரியோல வேட்டை நேரம் சூரியன் உதிக்கறதுக்கு அரைமணி முன்னாடி ஆரம்பிச்சு மறைஞ்சு அரைமணி வரைக்கும், மான் வெளிய வர்றதும் அந்த மங்கல் நேரத்துலதான், அப்ப 24 மடங்குல பாத்தா படம் பெருசா இருக்கும் ஆனா இருட்டா இருக்கும். அகலமும் போயிடும், 3 மடங்குல 100 மீட்டர் தூரத்துல சுமாரா 11 மீட்டர் அகலம் தெரியும், 24ல ஒன்றரை மீட்டர்தான், மான் நாலு அடி நகந்தா தேடிக்கினே இருக்க வேண்டியதுதான். வெயிட்டும் கிட்டத்தட்ட டபுள், நாள் முழுக்க தூக்கிக்கினு நடக்கணும். என்னை கேட்டா காட்டுக்கு 2-7 இல்லனா 3-9, அதுக்கு மேல முதல் வருஷம் யாருக்கும் தேவைப்படாது.

டார்கெட்டுக்கு பெரிய மடங்கு வேணும், ஏன்னா பேப்பர் நகராது, வெளிச்சம் நல்லா இருக்கும், படுத்துக்கினோ பெஞ்சுல வச்சோ சுடறீங்க. ஆனா கோடைல 20 மடங்குக்கு மேல போனா எண்ணூர் ரோட்டுல மத்தியானம் தார் மேல அலை அலையா தெரியுமே, அதே கானல் டார்கெட்டுக்கு முன்னாடி ஆடும். பழகினவங்க அது எந்த பக்கம் சாயுதுன்னு பாத்தே காத்த கணிப்பாங்க, புதுசா சுடறவங்க மடங்க குறைச்சுக்கறது நல்லது.

பாரலாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, கடைக்காரங்க இத அவசரமா தாண்டிடுவாங்க. கண்ண கொஞ்சம் இப்படி அப்படி நகத்தினா ஸ்கோப்புக்குள்ள தெரியற குறிக்கோடு டார்கெட் மேல நகர்ற மாதிரி தெரியும், அது வராத தூரம் ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் ஒண்ணு. வேட்டை ஸ்கோப்ல பெரும்பாலும் 100 இல்லனா 150 கஜத்துக்கு ஃபிக்ஸ் பண்ணி வச்சிருப்பாங்க, மானுக்கு அது போதும். .22 ரைஃபிளுக்கு செய்யற ஸ்கோப்ல 50 கஜம் மாதிரி கிட்ட இருக்கும். டார்கெட் ஸ்கோப்ல பக்கவாட்டுல ஒரு குமிழ் இருக்கும், தூரத்துக்கு தகுந்த மாதிரி திருப்பிக்கலாம், பேப்பர்ல சின்ன வட்டத்துக்கு குறி வைக்கறவங்களுக்கு அது கண்டிப்பா வேணும்.

குறிய மேல கீழ, பக்கவாட்டுல நகத்த ஸ்கோப்ல வேற குமிழ் இருக்கும், திருப்பினா க்ளிக் க்ளிக்னு நகரும். அந்த க்ளிக் கணக்குல ரெண்டு ஜாதி, எம்ஓஏ, மில், ரெண்டும் கோண அளவு. கால் எம்ஓஏ க்ளிக்னா 100 மீட்டர்ல 7 மில்லிமீட்டர் நகரும், 0.1 மில் க்ளிக்னா சரியா 1 சென்டிமீட்டர். நம்ம மீட்டர் கணக்குல படிச்சவங்க, மில் சுலபமா வரும். ஆனா குறிக்கோடும் குமிழும் ஒரே ஜாதியா இருக்கணும், ஒண்ணு மில்லும் ஒண்ணு எம்ஓஏவும் இருக்கறத தள்ளுபடி விலைக்கு குடுத்தாலும் வாங்காதீங்க. வேட்டைக்கு குமிழ் மேல மூடி இருக்கறது நல்லது, கிளைல பட்டு திரும்பாது.

கண்ணாடி போட்டவங்க கடைல உங்க கண்ணாடியோடவே பாருங்க, ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் 9 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கற மாதிரி வாங்குங்க, .308 மாதிரி உதைக்கற ரைஃபிள்ல கிட்ட வச்சா புருவம் கிழியும். நைட்ரஜன் அடைச்ச ஸ்கோப்னா உள்ள பனி பிடிக்காது, ஆனா மைனஸ் குளிர்ல அது மேல மூச்சு விட்டா வெளி லென்ஸ் வெள்ளையா மூடிக்கும், சுடற வரைக்கும் மூடி போட்டு வைங்க.

கம்பெனி பேரு சொல்லணும்னா லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40 வேட்டைக்கு லேசானது, தெளிவானது. வோர்டெக்ஸ்ல டைமண்ட்பேக் டாக்டிகல் 6-24×50 டார்கெட்டுக்கு நிறைய பேரு வச்சிருக்காங்க, வாரண்டி கை மாறினாலும் செல்லும். ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ் எல்லாம் உண்மையிலேயே மங்கல் வெளிச்சத்துல வித்தியாசம் தெரியும், ஆனா புதுசா வந்து வாடகை கட்டிக்கினு ஊருக்கும் பணம் அனுப்பற நேரத்துல அது வேணாம்பா. மிச்ச காச, ஸ்கோப்ப துப்பாக்கியோட பிடிச்சு வைக்கற நல்ல ரிங்குல போடுங்க, தோட்டாவுல போடுங்க. ரிங் ஸ்குரூவ கை பலத்துல முறுக்காதீங்க, ட்யூப் நசுங்கும், எவ்ளோ முறுக்கறோம்னு அளவு காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு ரிங் கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும். ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிளுக்கு போடறதா இருந்தா ஏர்கன்னுக்குன்னு சொல்லி வித்ததுதான் வாங்கணும், அந்த ரைஃபிள் முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு பக்கமும் உதைக்கும், சாதா ஸ்கோப் உள்ள கழண்டுடும்.

ஸ்கோப்ப மாட்டினதும் குறி சரி பண்ண நேரா 100 மீட்டருக்கு போகாதீங்க, 25 மீட்டர்ல ஆரம்பிங்க, பேப்பர்லயாவது படும். மூணு குண்டு சுட்டு அதோட நடுவ பாத்து குமிழ திருப்புங்க, ஒவ்வொரு குண்டுக்கும் திருப்பினா முடிவே வராது. கிட்ட தூரத்துல ஒரு க்ளிக் நகத்தறதும் கம்மி, கால் எம்ஓஏன்னா 2 மில்லிமீட்டர் கூட இல்ல, அதனால கணக்கு போட்டு மொத்தமா திருப்புங்க.

ஊருக்கு வர்றப்ப மச்சானுக்கு கிஃப்ட்டுன்னு இத பெட்டில போட்டு கொண்டுவர வேணாம், மீனம்பாக்கத்துல கஸ்டம்ஸ்ல துப்பாக்கி சாமானுக்கு பதில் சொல்லிக்கினு நிக்கணும். எல்லை தாண்டி அமெரிக்காவுல சீப்பா கிடைக்குதுன்னு வாங்கறதுக்கும் அந்த நாட்டு ஏற்றுமதி கட்டுப்பாடு இருக்கு, கனடா கடைலயே பில்லோட வாங்குங்க. ஊர்ல இருக்கற தம்பிக்கு ஏதாவது வாங்கித்தான் ஆகணும்னா ஒரு நல்ல 7×50 பைனாகுலர் வாங்கிக் குடுங்க.