கடினத் தண்ணீர் வரும் வீட்டில் எதை அளப்பது, எதைக் கழற்றுவது, எதை விட்டுவிடுவது

தண்ணீரில் கரைந்து வந்து அதைக் கடினமாக்கும் கால்சியமும் மக்னீசியமும் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் கல்லாகப் படிகின்றன. ஒன்று, தண்ணீர் சூடாகும் இடம். மற்றது, தண்ணீர் காய்ந்துபோகும் இடம். கீசர், கெட்டில், வாஷிங் மெஷின் முதல் வகை. குழாய் முனை, ஷவர், கண்ணாடி, டைல்ஸ் இரண்டாம் வகை. பச்சைத் தண்ணீர் ஓடும் குழாய்களில் படிவு மெதுவாகத்தான் சேரும். ஆகவே வீடு முழுவதற்கும் பெரிய இயந்திரம் வாங்கும் முன், சூடாகும் இடங்களைக் கவனியுங்கள். பணம் அதிகம் போவது அங்கேதான்.

முதலில் அளவு

பலர் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டுக் கடினத்தன்மையைத் தீர்மானிக்கிறார்கள். அது தவறு. டிடிஎஸ் என்பது கரைந்துள்ள எல்லா உப்புகளும் சேர்ந்த மதிப்பு. சாதாரண உப்பைக் கரைத்தாலும் அது ஏறும், ஆனால் கடினத்தன்மை ஏறாது. கடினத்தன்மைக்குச் சொட்டுப் பரிசோதனைக் கிட் வாங்குங்கள். குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டுப் பிறகு மாதிரி பிடிக்க வேண்டும். அதில் சாயப்பொடி போட்டால் சிவக்கும். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால் ஒரு சொட்டில் முழு நீலமாக மாறும். சொட்டுகளின் எண்ணிக்கையை கிட்டில் சொன்ன எண்ணால் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) என்று வரும்.

60 வரை மென்மையான நீர். 60 முதல் 120 வரை நடுத்தரம். 120 முதல் 180 வரை கடினம். 180ஐத் தாண்டினால் மிகக் கடினம். சில இயந்திரங்களின் கையேட்டில் வேறு அலகுகள் இருக்கும்: ஒரு ஜெர்மன் டிகிரி 17.8 மில்லிகிராம், ஒரு பிரெஞ்சு டிகிரி 10, ஒரு கிரெய்ன் 17.1. நகரக் குழாயில் ஆற்று நீரும் ஆழ்துளை நீரும் கலந்து வருவதுண்டு. கலவை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் மழைக்குப் பிறகு ஒரு முறை, கோடையில் ஒரு முறை அளப்பது நல்லது.

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். ஆவியாகிப்போன அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மறுபடி ஒரு லிட்டராக்கி, வடிகட்டி, மீண்டும் அளங்கள். எவ்வளவு குறைந்ததோ அதுதான் கீசரில் கல்லாகப் போகும் பைகார்பனேட் பங்கு. மிச்சம் இருப்பது சல்பேட், குளோரைடு வகை. அது கொதித்தால் படியாது. ஆனால் சோப்பைத் தின்னும்.

எவ்வளவு தின்னும்? 200 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள ஒரு லிட்டர் தண்ணீர், நுரை வருவதற்கு முன்பே ஏறத்தாழ 1.2 கிராம் சோப்பை வெள்ளைக் கசடாக்கிவிடும். 20 லிட்டர் பக்கெட்டுக்கு 24 கிராம். துணிகள் மங்கிச் சொரசொரப்பாவதற்கும், தலைமுடி பிசுபிசுப்பதற்கும் இந்தக் கசடுதான் காரணம். துணிக்கு சோப்புக்கட்டியை விட்டு டிடர்ஜென்டுக்கு மாறுங்கள். பாக்கெட்டில் கடின நீருக்கு என்று போட்டிருக்கும் அளவையே போடுங்கள்.

கீசர்

சூடேறும்போது மத்தளம் உருள்வதுபோல் சத்தம் வந்தால், படிவுக்கு அடியில் நீராவிக் குமிழ்கள் வெடிக்கின்றன என்று பொருள். தண்ணீர் சூடாக முன்னைவிட நேரம் எடுக்கும். சுடுதண்ணீர் மட்டும் மெலிந்து வரும். இரண்டு தண்ணீரும் மெலிந்தால் குழாய் முனை வலையைப் பாருங்கள், கீசரைக் குறை சொல்லாதீர்கள். கடைசி அறிகுறி ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுவது. படிவு போர்வையாக மூடிக்கொள்வதால் எலிமென்டின் (சூடாக்கும் கம்பியின்) சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி, மேலுறை வெடித்துக் கசிவு மின்சாரம் ஏற்படுகிறது. அந்த நிலையில் கீசரைப் போடவே கூடாது.

60 டிகிரிக்கு மேல் படிவு வேகமாகக் கூடும். தெர்மோஸ்டாட்டை 50–55இல் வைத்தால் படிவு குறையும், ஆனால் தேக்கி வைத்த நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி சாகாமல் தங்க வாய்ப்புண்டு. வீட்டில் முதியவரோ நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால் 60இலேயே வைத்துவிட்டு, அடிக்கடி சுத்தம் செய்வதுதான் சரி. படிவுக்காக அவர்கள் உடல்நலத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

தொட்டி வகைக் கீசரைச் சுத்தம் செய்யும் முறை:

1. எம்சிபியை (கீசருக்கான மின் பாதுகாப்பு சுவிட்சை) அணைத்து, டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். தண்ணீர் ஆறும் வரை காத்திருங்கள்.
2. உள்வரும் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, சேஃப்டி வால்வு வழியாகத் தொட்டியைக் காலி செய்யுங்கள்.
3. வயர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். ஃபிளான்ஜ் (எலிமென்ட் பொருத்திய மூடித் தட்டு) நட்டுகளைத் தளர்த்துங்கள். மிச்சத் தண்ணீரும் கல்லும் கொட்டும். கீழே பக்கெட் வையுங்கள்.
4. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, எலிமென்டின் உலோகப் பகுதியை மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். வயர் முனைகள் நனையக் கூடாது. சுத்தியால் தட்டினால் மேலுறை நசுங்கும்.
5. தொட்டிக்குள் இருக்கும் கல்லைக் கையால் அள்ளுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். உள்பூச்சு பெயர்ந்தால் தொட்டி துருப்பிடிக்கும்.
6. மக்னீசிய ஆனோடு கம்பியைப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ புதிதாக மாற்றுங்கள். அது தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்காகவே வைத்த கம்பி.
7. கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) புதிதாகப் போட்டு, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.
8. சுடுதண்ணீர்க் குழாயில் காற்று நின்று நீர் சீராக ஓடும் வரை நிரப்பி, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே மின்சாரம். தொட்டி காலியாக இருக்கும்போது போட்டால் எலிமென்ட் சில நிமிடங்களில் எரிந்துவிடும்.

கடினத்தன்மை 300ஐத் தாண்டிய தண்ணீருக்கு ஆண்டுக்கு ஒரு முறை, 500ஐத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யலாம். உத்தரவாதக் காலத்தில் நீங்களே திறந்தால் அது ரத்தாகலாம். மின் வேலை பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மற்ற இடங்கள்

கெட்டிலுக்கு லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம். வெதுவெதுப்பாக வைத்து அரை மணி நேரம் ஊறவிட்டால் போதும். கொதிக்கவிட்டால் கால்சியம் சிட்ரேட் வெள்ளையாகத் திரும்பப் படியும். வாஷிங் மெஷினில் துணி இல்லாமல் 100 கிராம் போட்டு 60 டிகிரி சுற்று ஓட்டலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம், ஏனெனில் உள்ளே அலுமினிய பாகம் இருந்தால் அமிலம் அதை அரிக்கும். ஸ்டீம் அயர்னுக்கு டிஸ்டில்டு வாட்டர்.

ஷவர் தலையை வினிகர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் அமிழ்த்திக் கட்டுங்கள். குரோம் பூச்சு என்றால் அரை மணி நேரம் போதும். டைல்ஸில் அமிலம் தடவும் முன் இடுக்குச் சிமென்ட்டை நன்றாக நனைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது அமிலத்தைக் குடித்து உதிரும். மார்பிளில் எந்த அமிலமும் படக் கூடாது. எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சாஃப்ட்னர் வாங்குவதாக இருந்தால்

கணக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். சாஃப்ட்னர் என்பது கடினத்தன்மையை நீக்கும் இயந்திரம். அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்து நிரம்பியதும், உப்புநீரால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசினை 100 கிராம் உப்பால் புதுப்பித்தால், சுமார் 45 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,125 கிராம். தண்ணீர் 400 மில்லிகிராம் என்றால் சுமார் 2,800 லிட்டருக்கு ஒரு முறை 2.5 கிலோ உப்பு. நாளைக்கு 700 லிட்டர் செலவாகும் வீட்டுக்கு நான்கு நாளைக்கு ஒரு முறை வரும். அயோடின் சேர்க்காத கல்லுப்பு போடுங்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் முன்னால் இரும்பு ஃபில்டர் வேண்டும். இல்லையேல் ரெசின் பழுப்பேறிச் செத்துவிடும்.

சாஃப்ட்னருக்குப் பிறகும் டிடிஎஸ் குறையாது. கால்சியம் போய் அந்த இடத்தில் சோடியம் வருகிறது, அவ்வளவுதான். 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு 46 மில்லிகிராம் சோடியம் கூடும். ஆகவே குடிக்கும் குழாயையும் செடிக்கு ஊற்றும் குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்பாகவே பிரித்துவிடுங்கள். கடினத்தன்மைக்கென உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை, எனவே குடிநீருக்காக மட்டும் சாஃப்ட்னர் வாங்க வேண்டியதில்லை. குழாயில் மாட்டும் காந்தக் கருவிகளை நம்பிக் காசு போடாதீர்கள். அவற்றைக் கடந்து வரும் நீரைச் சொட்டுக் கிட்டில் அளந்தால் அதே கடினத்தன்மைதான் காட்டும்.

மாதம் ஒரு முறை சாஃப்ட்னர் வெளியீட்டை அளங்கள். திடீரென ஏறினால் உப்புத் தொட்டியைக் குச்சியால் குத்திப் பாருங்கள். மேலே உப்பு கட்டியாகப் பாலம் கட்டி, அடியில் வெறும் தண்ணீர் நிற்கும். அதை உடைத்துவிட்டு ஒரு முறை புதுப்பித்தால் சரியாகும். சரியாகாவிட்டால் உப்புநீர் உறிஞ்சும் சின்னத் துளையில் அடைப்பு இருக்கும், கழற்றிக் கழுவுங்கள். புதுப்பித்த பின் தண்ணீர் கரித்தால், அலசும் நேரத்தைச் சில நிமிடம் கூட்டி வையுங்கள்.