பல் டாக்டரிடம் போகப் பயமா? முதல் நாள் வாயைத் திறந்து காட்டினால் போதும்

2013-இல் ஒரு மாலை. கீழ்வரிசை வலது கடைவாய்ப் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. விரல்கள் நடுங்கின. உயிர் போகப்போகிறது என்றே நினைத்தேன். கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டோடு எழுந்து வெளியே வந்து ஆட்டோ பிடித்துவிட்டேன்.

அதன்பின் 11 ஆண்டுகள் எந்தப் பல் மருத்துவமனையின் வாசலையும் மிதிக்கவில்லை. இடதுபக்கமாகவே மென்று பழகினேன். பொங்கலுக்குக் கரும்பைத் தொடவில்லை, முறுக்கைக் காபியில் நனைத்துத் தின்றேன். 2024-இல் இடதுபக்கமும் கூசத் தொடங்கி, குடிதண்ணீரையே வெதுவெதுப்பாக்கிக் குடிக்கும் நிலை வந்த பிறகுதான் திரும்பப் போனேன்.

இன்று நான்கு பற்களை அடைத்து, ஒன்றுக்கு வேர் சிகிச்சையும் முடித்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிறேன். எனக்கு எது எந்த வரிசையில் உதவியதோ அதே வரிசையில் எழுதுகிறேன். பல் துலக்குவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. நாற்காலி வரை போய்ச் சேர்வதுதான் நமக்குப் பிரச்சினை.

படி 1: எதற்குப் பயம் என்று பிரித்துப் பாருங்கள்

"பல் டாக்டர் என்றாலே பயம்" என்பது உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பல் மருத்துவப் பயத்தை அளக்க 1995-இல் உருவாக்கிய ஐந்து கேள்விகள் உண்டு. நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும்போது? பல்லைக் குடையப்போகிறார்கள் என்றால்? சுத்தம் செய்யப்போகிறார்கள் என்றால்? ஈறில் ஊசி போடப்போகிறார்கள் என்றால்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பயமே இல்லை என்றால் 1, தாங்க முடியாத பயம் என்றால் 5. கூட்டுத்தொகை 19-ஐ எட்டினால் கடும் பயம் என்று கொள்கிறார்கள்.

எனக்கு 21 வந்தது. ஆனால் எனக்குப் பயன்பட்டது அந்த எண் அன்று. ஊசிக்கு 5, குடைவதற்கு 5, சுத்தம் செய்வதற்கு 3 மட்டும் என்று தாளில் எழுதிப் பார்த்தபோது, எங்கே தொடங்கலாம் என்று தெரிந்துவிட்டது. அந்தத் தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும்.

படி 2: இடமும் நேரமும்

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். பயந்தவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலி உள்ள சிறிய மருத்துவமனைதான் நல்லது. வரிசையாக நாற்காலி போட்ட பெரிய இடத்தில் பக்கத்து நாற்காலியின் சத்தமும் நம் காதில் விழும். பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு மிகக் குறைவு, கண்காணிப்பும் உண்டு. சென்னையில் 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஆனால் அங்கே கூட்டமும் காத்திருப்பும் அதிகம். பயம் சற்றுத் தணிந்த பிறகு அங்கே போகலாம். பணம்தான் தடை என்றால் தயங்காமல் முதலிலேயே போங்கள்.

மாலை ஆறு, ஏழு மணி வேண்டாம். அலுவலகம் முடிந்து எல்லோரும் வரும் நேரம் அது. டாக்டருக்கும் அவசரம் இருக்கும். காலையில் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். காத்திருக்க வேண்டாம், நாள் முழுவதும் நினைத்து நினைத்துக் கலங்கவும் வேண்டாம்.

தொலைபேசியில் நான் சொன்னது இதுதான். நீங்களும் எழுதி வைத்து அப்படியே படிக்கலாம்: "நான் பல ஆண்டுகளாகப் பல் டாக்டரிடம் போனதில்லை, எனக்குப் பயம் அதிகம். முதல் நாள் பார்த்துச் சொன்னால் மட்டும் போதும், எந்தச் சிகிச்சையும் வேண்டாம். டாக்டரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்." மறுமுனையில் பேசியவர், "சரி மேடம், பத்து மணிக்கு வாருங்கள், அவசரப்படுத்த மாட்டார்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அலட்சியமாகப் பதில் வந்தால் வேறு இடத்துக்கு அழையுங்கள்.

படி 3: அந்த வாசனை

இதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். கதவைத் திறந்ததுமே வரும் அந்த வாசனையிலேயே வயிறு கலங்கிவிடும். அது வேறொன்றும் அன்று, கிராம்பு. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் என்ற பொருளைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத்தான் தற்காலிகமாகப் பல் அடைப்பார்கள். நம் பாட்டிமார் பல் வலிக்குக் கிராம்பைக் கடிக்கச் சொன்னதும் அதே பொருளுக்காகத்தான்.

போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, இரவில் இரண்டு கிராம்பை நசுக்கி உள்ளங்கையில் வைத்து முகர்ந்துகொண்டே மெதுவாக மூச்சு விட்டேன். உள்ளே இழுக்க நான்கு எண்ணிக்கை, வெளியே விட ஆறு. முதல் இரண்டு நாள் அந்த மருத்துவமனைதான் கண்முன் வந்தது. நான்காம் நாள் பிரியாணிதான் நினைவுக்கு வந்தது. ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை. கட்டாயம் செய்து பாருங்கள்.

படி 4: முதல் வருகை

கண்ணாடி வைத்துப் பார்ப்பார், மெல்லிய கம்பியால் தொட்டுப் பார்ப்பார், சிறிய எக்ஸ்ரே எடுப்பார். அந்த எக்ஸ்ரே தகடு நாக்கின் அடியில் சற்று அழுத்தும், சில நொடிகள்தான்.

நான் அஞ்சியது வேறு. இத்தனை ஆண்டு வராததற்குத் திட்டு விழும், "ஏன் இப்படி விட்டீர்கள்" என்ற பார்வை வரும் என்று. அந்தத் தாளை நீட்டினேன். டாக்டர் படித்துவிட்டு, "ஊசிக்கு அஞ்சு போட்டிருக்கிறீர்களே அம்மா, முன்பு என்ன நடந்தது?" என்று கேட்டார். 11 ஆண்டுகளில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளம்பும்போது எந்தப் பல் அவசரம், எது காத்திருக்கலாம், எதற்கு எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: சுத்தம் செய்வது

சிகிச்சையை இதிலிருந்து தொடங்கச் சொன்னேன், ஏனென்றால் என் தாளில் இதற்குத்தான் மதிப்பெண் குறைவு. ஊசி கிடையாது. அதிரும் கருவியும் தண்ணீரும்தான். இரண்டு மூன்று நாள் கூசும், பிறகு சரியாகிவிடும். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது பொய். பல்லிடுக்கை அடைத்திருந்த காரை போனதால் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான்.

படி 6: ஊசி

என்னை 11 ஆண்டுகள் நிறுத்தி வைத்த இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

மரத்துப்போகச் செய்யும் மருந்தின் பெயர் லிக்னோகெய்ன். பெரும்பாலும் அதனுடன் மிகச் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். பாட்டிலில் 1:80,000 என்று அச்சிட்டிருப்பார்கள். 80 மில்லி மருந்தில் 1 மில்லிகிராம் என்று பொருள். அது அந்த இடத்தின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் மருந்து அங்கேயே தங்கி நெடுநேரம் வேலை செய்கிறது, ரத்தமும் குறைவாக வருகிறது. அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்தால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும்.

பயந்தபோதும் நம் உடல் சுரப்பது அதே அட்ரினலினைத்தான். அதனால் உடலுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகிறது. ஊசி போட்ட பிறகு நெஞ்சு அடித்துக்கொண்டால், "ஏதோ நடக்கிறது" என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அந்தப் பயத்தில் இன்னும் சுரக்கிறது. 2013-இல் எனக்கு நடந்தது இதுதான் என்று டாக்டர் விளக்கியபோது, ஒரு சுமை இறங்கியதைப் போல உணர்ந்தேன். இந்த இரண்டு வரியை அன்றே யாராவது சொல்லியிருந்தால் ஒரு பல்லாவது பிழைத்திருக்கும்.

இப்போது நான் கேட்டு வாங்குபவை மூன்று. முதலில் ஈறைத் துடைத்து உலர்த்தி, மரத்துப்போகும் ஜெல்லைத் தடவிய பிறகு ஒன்றிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். தடவிய உடனே குத்தினால் பயனில்லை. இரண்டாவது, மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்பது நல்ல வேகம். குத்துவதைவிட மருந்து வேகமாக உள்ளே போவதுதான் அதிகம் வலிக்கிறது. மூன்றாவது, ஊசி போட்டதும் நாற்காலியைச் சற்று நிமிர்த்திவிட்டு ஐந்து நிமிடம் என்னுடன் யாராவது இருக்க வேண்டும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல்முறை இப்படிச் செய்தபோது மூன்றாம் நிமிடம் படபடப்பு உச்சிக்குப் போய், ஐந்தாம் நிமிடம் அடங்கியது. கண்ணெதிரே அடங்கியதைப் பார்த்தபின் பயத்தின் பாதி போய்விட்டது.

படபடப்பு அதிகம் வருபவர்களுக்கு அட்ரினலின் இல்லாத மருந்தும் உண்டு, கேளுங்கள். உடலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் அது வேறு. உடனே சொல்ல வேண்டும்.

கீழ்த்தாடைக்குப் போடும்போது பாதி நாக்கும் மரத்து, தடித்துவிட்டதுபோலத் தோன்றும். எச்சில் விழுங்க முடியாதோ என்று பதறாதீர்கள், விழுங்க முடியும். மரத்த பிறகும் தொடுவதும் அழுத்துவதும் தெரியும், வலிதான் தெரியாது. வலித்தால் இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது வீரம் அன்று. சீழ் பிடித்த பல்லுக்கு இந்த மருந்து சரியாக ஏறாது. வலி முற்றும் வரை காத்திருந்து போனவர்களுக்குத்தான் அதிகம் வலிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 7: கை தூக்கினால் நிறுத்த வேண்டும்

வாய் திறந்திருக்கும்போது பேச முடியாது. அதனால் இடது கையைத் தூக்கினால் நிறுத்துவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வலது பக்கம் டாக்டரும் கருவித் தட்டும் இருக்கும் என்பதால் இடது கை. வலி இல்லாதபோதே ஒருமுறை தூக்கிப் பாருங்கள், உண்மையில் நிறுத்துகிறாரா என்று. நான் தூக்கினேன், சத்தம் அடங்கியது. அதன்பின் அந்த வருகையில் ஒருமுறைகூடத் தூக்கத் தேவைப்படவில்லை.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன், பயனில்லை. குடையும் சத்தம் எலும்பு வழியாகவே காதுக்கு வருகிறது. ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்து நாதஸ்வர ஆலாபனை கேட்பது எனக்கு ஒத்துவந்தது. மறு காது டாக்டர் சொல்வதைக் கேட்க. விளக்கு வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி நன்றாக உதவுகிறது.

முடிந்ததும் மரப்பு இறங்கச் சில மணி நேரம் ஆகும். அதுவரை சூடான காபி வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள். அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வீட்டுக்குப் போய் அழைக்கலாம் என்று விட்டால் மாதங்கள் ஓடிவிடும்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் எழுதியவை

ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் ஒருவர், நான் சொன்ன மூச்சுப் பயிற்சியால் இன்னும் தலை சுற்றியது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி, என் விளக்கத்தில்தான் குறை. மயங்குபவர்களுக்கு ரத்த அழுத்தம் சரிகிறது. அவர்கள் உடலைத் தளர்த்தக் கூடாது, இறுக்க வேண்டும். கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கி, முகத்தில் சூடு ஏறியதும் விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடியும், இப்படி ஐந்து முறை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980-களில் வகுத்த முறை இது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். படுத்த நிலையில் ஊசி போடச் சொல்லுங்கள்.

குமட்டல் வருபவர்கள் நாற்காலியை நிமிர்த்தச் சொல்லி மூக்கால் மூச்சு விடுங்கள். ஒரு காலைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் கவனம் அங்கே போய்விடும். நுனிநாக்கில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பதும் சிலருக்கு உதவுகிறது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று மாமியார் தடுப்பதாக ஒரு பெண் எழுதியிருந்தார். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மாமியாரையும் உடன் அழைத்துப்போய் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள். நாம் சொல்வதைவிட அது எடுபடும்.

இன்னொருவர், கன்னம் வீங்கியிருக்கிறது, பயம் குறைந்ததும் போகலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். வீக்கத்துக்கு என் படிகள் எதுவும் பொருந்தாது, இன்றே போங்கள். தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சல் அடித்து, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், பல் டாக்டரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.