முயலுக்கு மூன்று கால் என்று நிற்காமல் காலநிலை மாற்றம் பேசுவது எப்படி?

குமரிக் கடற்கரையில் ஒரு வரிசை வீடுகளைக் கடல் கொண்டுபோனால், அன்று மாலையே ஊரில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். “எல்லாம் இந்தக் காலநிலை மாற்றந்தான்” என்பது ஒரு கட்சி. “ஒரு மாற்றமும் இல்ல, பக்கத்து ஊருல தூண்டில் வளைவு போட்டாவ, நம்ம மண்ணு போச்சு” என்பது மறு கட்சி. (தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு.) இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனாலும் பேச்சு முடிந்து எழும்போது யாரும் புதிதாக ஒன்றும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள், குரல்தான் உயர்ந்திருக்கும். படிப்பகத்திலோ, கல்லூரி மன்றத்திலோ, மீனவர் சங்கக் கூட்டத்திலோ, வீட்டுத் திண்ணையிலோ இதைப் பற்றிப் பேச உட்காருகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாக் கருத்துக்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிட்டால் மனம் திறந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சோம்பல். சான்று எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவு நம்ப வேண்டும். சான்று மாறினால் நம்பிக்கையும் மாற வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

கேள்வியை நான்காகப் பிரியுங்கள்

“காலநிலை மாற்றம் உண்மையா?” என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் சண்டைதான் வரும். உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. பூமி சூடாகியிருக்கிறதா? அதற்குக் காரணம் யார்? இனி எவ்வளவு சூடாகும், நம் பகுதியில் என்ன நடக்கும்? அதற்கு நாம் என்ன செய்யலாம்?

நான்குக்கும் சான்றின் வலு ஒன்றல்ல. முதல் கேள்வி முடிந்துபோனது. 1850–1900 காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டால் 2011–2020-இல் பூமியின் மேற்பரப்பு 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருந்தது. இரண்டாவதும் ஏறக்குறைய முடிந்ததே. மனிதச் செயல்தான் காரணம் என்பதில் ஐயமில்லை என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு (ஐ.பி.சி.சி.) 2021-இல் எழுதியது. மூன்றாவதில் இன்னும் இடம் இருக்கிறது. காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி கூடும் என்பதற்கு அதே அறிக்கை தரும் வரம்பு 2.5 முதல் 4 வரை. சிறந்த மதிப்பீடு 3. நான்காவது அறிவியலோடு மட்டும் முடியாது. பணமும் நீதியும் பிழைப்பும் சேர்ந்த கேள்வி அது.

ஒருவர் நான்காவது கேள்வியில் கோபமாக இருந்துகொண்டு முதல் கேள்வியை மறுப்பதைப் பல கூட்டங்களில் பார்க்கலாம். “மீனவன் டீசல் போடுறதுதான் குத்தமா?” என்ற கோபம் “சூடாவே இல்ல” என்று வெளியே வரும். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. அதை நான்காவது கேள்வியில் வைத்துப் பேச இடம் கொடுத்தால் முதல் கேள்வியில் பிடிவாதம் தானே தளரும்.

ஐ.பி.சி.சி. அறிக்கையைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் வரும் “சாத்தியம்” என்ற சொல்லுக்கு 66 விழுக்காட்டுக்கு மேல் என்று கணக்கு உண்டு. “மிகச் சாத்தியம்” என்றால் 90-க்கு மேல். “ஏறக்குறைய உறுதி” என்றால் 99-க்கு மேல். மேடையில் பேசும்போது இந்த மூன்றையும் “விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள்” என்று ஒன்றாக்கிவிடாதீர்கள். 66 விழுக்காட்டை 99 போலச் சொல்லி மாட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் 99-ஐயும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பேசத் தொடங்கும் முன் இரண்டு வரி எழுதுங்கள்

ஆளுக்கொரு தாள். முதல் வரியில் தன் கருத்து. இரண்டாவது வரியில், எதைப் பார்த்தால் அதை மாற்றிக்கொள்வேன் என்பது. இரண்டாவது வரி காலியாகவே இருந்தால் அவர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கப்போகிறார் என்று அர்த்தம். அது நீங்களாகவும் இருக்கலாம்.

“சூரியன் உக்கிரமானதால்தான் சூடு” என்று ஒருவர் எழுதினால், அதைச் சோதிக்க வழி இருக்கிறது. காரணம் சூரியன் என்றால் காற்று மண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். அளந்து பார்த்ததில் கீழடுக்கு சூடாகிறது, மேலே ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்கிறது. கீழிருந்து போகும் வெப்பத்தைக் கரியமில வாயு பிடித்து வைத்தால் இப்படி நடக்கும். 1980-களிலிருந்து சூரிய ஒளியின் அளவும் கூடவில்லை.

மறு பக்கத்துக்கும் இதே சோதனை. “ஒக்கிப் புயல் காலநிலை மாற்றத்தால் வந்தது” என்று எழுதியவரிடம், எந்தத் தகவல் வந்தால் மாற்றிக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். 2017 நவம்பர் 30 அன்று குமரிக்குத் தெற்கே கடந்த அந்தப் புயல் மிக வேகமாக வலுத்தது. எச்சரிக்கை சென்று சேரும் முன்பே ஆழ்கடலில் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கடல் சூடானால் புயல் வேகமாக வலுக்க வாய்ப்பு கூடும் என்பது சரி. ஆனால் ஒரே ஒரு புயலை வைத்து “இதனால்தான் வந்தது” என்று சொல்ல முடியாது. பல ஆண்டுப் பதிவில் எண்ணிக்கையும் வலுவும் மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். உறவினரைப் பறிகொடுத்த வீட்டில் இதைப் பேசும்போது கணக்கை முதலில் எடுக்காதீர்கள்.

மனம் மாறுவது தோல்வி என்ற எண்ணம் இருந்தால் ரிச்சர்ட் முல்லரை நினைவில் கொள்ளலாம். அமெரிக்க இயற்பியலாளர். வெப்பநிலைப் பதிவுகளை நம்பாமல் தானே குழு அமைத்து முதலிலிருந்து கணக்கிட்டார். 2012-இல், நிலப்பரப்பு 250 ஆண்டுகளில் சுமார் 1.5 டிகிரி சூடாகியிருக்கிறது, காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதர்களே என்று வெளிப்படையாக அறிவித்தார். மறு பக்கத்திலும் திருத்தம் நடந்திருக்கிறது. இமயப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடலாம் என்று ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் வந்த வரிக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்ததும் 2010 ஜனவரியில் அந்தக் குழுவே தவறை ஒப்புக்கொண்டது. பனியாறுகள் சுருங்குவது பொய்யாகிவிடவில்லை, அந்த ஆண்டுக்கணக்குதான் தவறு. இதை எதிர்த்தரப்பு எடுக்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்கூடக் கணக்கு போதும்

“எரிமலை விடாத புகையா நாம விடுறோம்?” என்ற கேள்வி எப்படியும் வரும். கரும்பலகையில் இப்படிப் போடுங்கள். காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஒரு பங்கு அதிகரிக்க வேண்டுமென்றால் சுமார் 780 கோடி டன் வேண்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட், காடழிப்பு எல்லாம் சேர்த்து மனிதர்கள் ஆண்டுக்கு விடுவது சுமார் 4,000 கோடி டன். வகுத்தால் ஆண்டுக்கு 5 பங்கு அதிகரிக்க வேண்டும். உண்மையில் கூடுவது சுமார் 2.5. மீதியைக் கடலும் மரஞ்செடிகளும் உறிஞ்சுகின்றன. அதாவது இயற்கை மொத்தமாகப் பார்த்தால் வாங்குகிறது, கொடுக்கவில்லை. எரிமலைகள் விடுவது மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஹவாயின் மௌனா லோவாவில் 1958-இல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு. 2024-இல் சுமார் 424. தொழிற்புரட்சிக்கு முன் 280.

“இத்துனூண்டு வாயு என்ன செஞ்சிரும்?” என்றால், காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக்கதிரைப் பிடிப்பதில்லை, கரியமில வாயு பிடிக்கும் என்பதை 1859-இல் ஜான் டிண்டல் ஆய்வகத்திலேயே அளந்துவிட்டார். இதற்கு எந்தக் கணினி மாதிரியும் தேவைப்படவில்லை.

இப்போது கடலரிப்பு. உலகச் சராசரியாகக் கடல்மட்டம் 2006–2018-இல் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். மணற்கரையில் கடல் உயர்வதைப் போல 50 முதல் 100 மடங்கு கரை பின்வாங்கும் என்பது ஒரு தோராய விதி. அப்படியானால் பத்து ஆண்டில் 2 முதல் 4 மீட்டர். உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் 30 மீட்டர் போயிருந்தால் மீதிக்கு வேறு கணக்கு தேட வேண்டும். கரையோரமாக நகரும் மணலைத் துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ தடுத்தால் ஒரு பக்கம் மேடு தட்டும், மறு பக்கம் அரிக்கும். அணைகளும் ஆற்று மணல் அள்ளுவதும் கடலுக்கு வரும் மணலைக் குறைக்கும். ஆகவே தூண்டில் வளைவைக் குறை சொல்பவர் காலநிலையை மறுக்கிறார் என்று முத்திரை குத்தாதீர்கள். அதேபோல, இன்று பங்கு சிறியது என்பதால் கடல்மட்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடவும் கூடாது. அந்தப் பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூடும்.

கரையை அளக்க ஒரு 50 மீட்டர் டேப் போதும். குருசடி அல்லது கோயில் மதில் போல நகராத ஒரு மூலையைக் குறித்துக்கொண்டு, அலை கடைசியாக ஏறிக் குப்பை ஒதுக்கிய கோடு வரை அளந்து பாருங்கள். எந்த மாதத்தில் அளக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான பிழை நடக்கும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்குக் கடல் அடித்துக் கொண்டுபோகும் மணலில் ஒரு பகுதி கடல் தணிந்த மாதங்களில் திரும்பி வரும். மாசியில் எடுத்த படத்தையும் ஆடியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அது சான்றாகாது. மாசிக்கு மாசி, ஆடிக்கு ஆடி.

நினைவும் பதிவும்

“முன்னெல்லாம் கன்னிப்பூவுக்குத் தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது” என்று முதல் போக நெல்லான கன்னிப்பூவைப் பற்றி ஒரு விவசாயி சொன்னால் தள்ளிவிடாதீர்கள், அப்படியே எடுத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். பெருமழையும் கொடும் வறட்சியும் நினைவில் நிற்கும், சாதாரண ஆண்டுகள் மறந்துபோகும். “பாட்டா, அது எந்த வருசம்? பேச்சிப்பாறை அணை எத்தனை அடி நின்னுது? அந்த வருசம் நாத்து எப்போ நட்டிய?” என்று கேட்டால் அவர் சொல்வது பதிவோடு ஒப்பிடக்கூடிய தகவலாகிறது. கடலோரத்தில் நீவாடு (கடல் நீரோட்டம்), காற்று, மீன் கிடைத்த மாதம் என்று கேளுங்கள்.

ஒப்பிட 30 ஆண்டுச் சராசரி வேண்டும். இப்போது உலக வானிலை அமைப்பு பயன்படுத்துவது 1991–2020. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் கடும் சூடான 1998-இல் தொடங்கி வரைபடம் போட்டு “சூடு நின்றுவிட்டது” என்று காட்டியவர்கள் உண்டு. ஒரு குளிர்ந்த ஆண்டில் தொடங்கி எதிர்ப்பக்கமும் அதையே செய்யலாம். ஆகவே எந்த வரைபடத்திலும் தொடக்க ஆண்டைத்தான் முதலில் பாருங்கள்.

மழையை நீங்களே பதியலாம். மரமும் கூரையும் தள்ளிய வெட்டவெளியில் மழைமானியை வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையின் மழை நாள் அப்போதுதான் முடிகிறது. 2.5 மி.மீ. இருந்தால் மழை நாள். 64.5-ஐத் தொட்டால் கனமழை, 115.6-இலிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. இந்த எல்லைகள் தெரிந்தால் “வரலாறு காணாத மழை” என்ற பேச்சு குறையும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அதை எப்படிப் பேசுவது? ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரம் தாங்கும். அந்தக் கணக்கில் மட்டும் பார்த்தால் 95-இல் சுமார் 6 செ.மீ. கூடிய சூட்டின் பங்காக வரும். காற்றோட்டம் மாறினால் இன்னும் கூடலாம். ஆனால் குமரிக்கடல் மேல் நகராமல் நின்ற சுழற்சி இல்லாவிட்டால் அந்த மழையே இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகுங்கள்.

இரு கட்சிக்கும் வசதிப்படாத தகவலையும் மேசைமேல் வையுங்கள். இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை 1951–2015-இல் சுமார் 6 விழுக்காடு குறைந்தது என்கிறது புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு. புகையும் தூசியும் வெயிலை மறைத்தது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. சூடு கூடினால் மழை கூட வேண்டுமே என்று கேட்பவருக்கு இதில் பதிலும் இருக்கிறது, புதிய கேள்வியும் இருக்கிறது.

சிலவற்றைச் சான்றுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 2004 சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது. 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோன கள்ளக்கடல், தென் இந்தியப் பெருங்கடலில் தொலைவில் வீசும் புயல்காற்று எழுப்பும் நீண்ட அலை. இரண்டையும் காலநிலை மாற்றத்துக்குச் சான்றாகக் காட்டினால் எதிரே இருப்பவர் எளிதாக உடைத்துவிடுவார்.

உட்கார்ந்து பேசும்போது

பதில் சொல்லும் முன் எதிரே இருப்பவர் சொன்னதை உங்கள் வாயால் சொல்லி, “அண்ணே, இதத்தானே சொல்லுதிய?” என்று கேளுங்கள். அவர் “ஆமா” என்ற பிறகுதான் உங்கள் முறை. ஒரு நேரத்தில் ஒரு கூற்று போதும். எரிமலைக்குப் பதில் பாதியில் நிற்கும்போது சூரியனுக்குத் தாவினால், கூட்டத்தை நடத்துபவர் சூரியனைத் தாளில் குறித்துவைத்து எரிமலைக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். மணிக்கணக்கில் இழுக்காமல் ஒரு கூற்றுக்கு இருபது நிமிடம் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்குக் குடும்பக் குழுவில் எல்லார் முன்னும் பதில் போட்டால் மாமாவுக்கு முகம் போய்விடும், பிறகு அவர் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். தனியாக அழைத்து, “மாமா, இந்தப் படம் எந்த வருசம் எடுத்தது, யாரு எடுத்தது?” என்று மட்டும் கேளுங்கள். அவரே தேடட்டும். கிடைத்தால் உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அவர் அனுப்புவது உங்கள் தாளின் இரண்டாவது வரியில் எழுதியதோடு பொருந்தினால், முதல் வரியை அடித்து எழுத வேண்டியவர் நீங்கள்தான்.