ஹியூகோவில் நிறுவன வலைப்பூ: நிறுவுவது முதல் வெளியிடுவது வரை

வாரத்துக்கு ஒரு கட்டுரை போடும் நிறுவனத்துக்கு டேட்டாபேஸும் பிளகின் அப்டேட்டும் வீண் சுமை. ஹியூகோ, நீங்கள் எழுதும் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் சாதா உரை) கோப்புகளை முன்கூட்டியே எச்டிஎம்எல் பக்கங்களாக்கிவிடும். சர்வரில் ஓட வேண்டிய நிரல் எதுவும் இல்லை. 2013-ல் வந்த மென்பொருள், ஒரே கோப்பாக நிறுவிவிடலாம். அதனால்தான் புதியவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் சாளரம்) ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

1. நிறுவுதல்

மேக்கில் ஹோம்புரூ என்ற நிறுவும் கருவி இருந்தால் 'புரூ இன்ஸ்டால் ஹியூகோ' போதும். விண்டோஸில் விங்கெட் என்ற நிறுவும் கருவி மூலம் எக்ஸ்டெண்டெட் பதிப்பைப் போடுங்கள். கோப்புகளின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் 'கிட்' என்ற மென்பொருளும் வேண்டும். 'ஹியூகோ வெர்ஷன்' அடித்தால் வரும் எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. தளமும் தீமும்

'ஹியூகோ நியூ சைட்' என்று அடித்து, இடைவெளி விட்டுப் பெயரைக் கொடுங்கள். உருவாகும் ஃபோல்டருக்குள் போய் 'கிட் இனிட்' அடியுங்கள்.

அடுத்து தீம், அதாவது தளத்தின் தோற்றத்துக்கான வார்ப்பு. அனங்கே எளிமையானது. அதை 'கிட் குளோன்' செய்து தீம்ஸ் ஃபோல்டரில் போட்டால் உங்கள் கணினியில் அழகாகத் தெரியும். ஆனால் கிட்ஹப்புக்கு (கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் தளம்) அனுப்பும்போது தீமின் கோப்புகள் கூடப் போகாது, வெளியிடுவதே தோல்வியடையும், அல்லது தளம் வெறுமையாக நிற்கும். 'கிட் சப்மாட்யூல் ஆட்' கட்டளையால் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஹியூகோ டாட் டாம்ல் என்ற அமைப்புக் கோப்பில் பேஸ்யூஆர்எல் (தளத்தின் முழு முகவரி), டைட்டில், தீம் மூன்றையும் நிரப்புங்கள். பேஸ்யூஆர்எல் தவறினால் பக்கம் அலங்காரமெல்லாம் போய் மொட்டையாக வரும்.

3. முதல் பதிவு

'ஹியூகோ நியூ கன்டென்ட்' கட்டளையால் போஸ்ட்ஸ் ஃபோல்டரில் ஒரு கோப்பு உருவாக்குங்கள். பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் வாட்ஸப்பில் அனுப்பும் இணைப்பு சதவீதக் குறிகளாக நீளும். 'ஹியூகோ சர்வர்' ஓட்டி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 1313-ஐத் திறந்து பாருங்கள். பதிவு தெரியாது! புதிய கோப்பின் தலைப்பகுதியில் 'டிராஃப்ட்' ட்ரூ என்றிருக்கும், அதுதான் காரணம். எழுதும்போது பார்க்க, சர்வர் கட்டளையோடு இடைவெளி விட்டு, சிறு கோடு (-) போட்டுப் பெரிய எழுத்து டி சேருங்கள். முடித்ததும் ஃபால்ஸ் ஆக்குங்கள்.

இன்னொரு பொறி, தேதி. எதிர்கால நேரம் உள்ள பதிவை ஹியூகோ வெளியிடாது. நேர மண்டலம் இல்லாமல் காலை 10 மணி என்று கையால் எழுதினால் அது யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கு. நமக்கு மாலை 3.30. காலையில் அனுப்பிய பதிவைக் காணோமே என்று மேலாளர் கேட்பார். அமைப்புக் கோப்பில் டைம்சோன் ஏசியா/கொல்கத்தா என்று ஒருமுறை போட்டுவிட்டால் தீர்ந்தது.

4. வெளியிடுதல்

கிட்ஹப்பில் ரெப்போவை (தளத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) பிரைவேட்டாக வையுங்கள். பப்ளிக் என்றால் டிராஃப்டில் கிடக்கும் அடுத்த மாத அறிவிப்பையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இலவசக் கணக்கில் கிட்ஹப்பின் தளம் வெளியிடும் சேவையான கிட்ஹப் பேஜஸ் பிரைவேட் ரெப்போவுக்குக் கிடைக்காது. எனவே அதே வேலையைச் செய்யும் கிளவுட்ஃபிளேர் பேஜஸ். ரெப்போவை இணைத்து, பில்ட் கட்டளை 'ஹியூகோ', வெளியீட்டு ஃபோல்டர் 'பப்ளிக்' என்று கொடுங்கள். குறித்துவைத்த எண்ணை ஹியூகோ_வெர்ஷன் என்ற மாறியில், முழுதும் பெரிய எழுத்தில், போடுங்கள். இல்லையென்றால் அங்கே வேறு பதிப்பு ஓடி, உங்கள் கணினியில் வேலை செய்த தீம் அங்கே முரண்டு பிடிக்கலாம். அப்புறம் ஒவ்வொரு கிட் புஷ்ஷுக்கும் (மாற்றங்களை கிட்ஹப்புக்கு அனுப்புவது) தளம் தானாகப் புதுப்பிக்கப்படும்.

நிறுவனத்தின் சொந்த முகவரிக்கு, முதலில் பேஜஸ் பக்கத்தில் டொமைனைச் சேருங்கள். பிறகுதான் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) சிநேம் பதிவு, அதாவது உங்கள் முகவரியை பேஜஸ் முகவரிக்குச் சுட்டும் பதிவு. வரிசை மாறினால் 522 பிழை வரும்.

சரி, மேலாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டுமா? பதிவைத் தனிக் கிளையில் (கிட்டில் முக்கியத் தளத்தைத் தொடாத தனி நகல்) டிராஃப்ட் ஃபால்ஸ் ஆக்கி அனுப்புங்கள். பார்வைக்கென்று தனி இணைப்பு கிடைக்கும். அந்த இணைப்பும் இயல்பாகப் பொதுவானதே, ரகசியமான விஷயமென்றால் அணுகல் கட்டுப்பாட்டை இயக்கிவிட்டு அனுப்புங்கள்.